பிந்தி வந்த நாய்க் கழகம்

போன கிழமை ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் ஒரு லாப்ரடோர் நாய் ஏறி என் காலடியில் நின்றது. வெளியே மழை. தலையிலிருந்து வால்வரை ஒருமுறை உதறி, நனைந்ததில் பாதியை என் காற்சட்டைக்குத் தந்தது. நாயின் சொந்தக்காரி மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். ஈர நாயின் மணம் எனக்குப் புதிதில்லை. 2009இல் ஒரு பகல் முழுக்க அந்த மணத்துக்குள் நின்று வேலை செய்திருக்கிறேன்.

அப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கூட்ட மண்டபங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கதிரை போடுவது, தேநீர் ஊற்றுவது, கேட்டவர்களுக்குக் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொடுப்பது. ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவன் என்று நேர்முகத்தில் பெருமையடித்ததன் பலன். மழை பெய்த ஒரு சனிக்கிழமை, நாடெங்கும் இருந்து வேட்டைநாய்க் கழகங்கள் ஒரு தேசியச் சங்கம் தொடங்க அங்கே கூடின. ‘கன் டோக்’, அதாவது துவக்கு நாய் என்றுதான் அவர்கள் பாஷையில் பெயர். நாய் எப்படித் துவக்குப் பிடிக்கும் என்று மண்டையைக் குழப்பிய ஆள் நான். சுட்டு விழுத்திய பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வருவதுதான் அதன் உத்தியோகமாம்.

சங்கம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அதிலிருந்து உடைந்த சங்கம் என்று லண்டனில் எல்லாம் கண்டாயிற்று. அங்கேயும் அதே கதைதான். ஸ்பானியல் நாய்க்காரர் லாப்ரடோர் நாய்க்காரரோடு ஒரே மேசையில் இருக்க மாட்டார்கள். சங்கத்தின் பெயரில் எந்தச் சொல் முதலில் வருவது என்று ஒரு மணித்தியாலம் இழுபறி. நாய்கள் மட்டும் மேசைகளுக்குக் கீழே ஒற்றுமையாகப் படுத்திருந்தன.

வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வன்னியில் சண்டை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. என் கடைசித் தம்பி அதற்குள் அகப்பட்டிருந்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கவில்லை. முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை யாராவது எழுதி அனுப்புவார்கள். கிங்ஸ்பரி வீட்டில் இருந்து மனைவி அதை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அன்று காலைத் தேநீர் இடைவேளையில் போன் எடுத்தாள்.

“இண்டைக்கு வந்ததிலயும் இல்லையப்பா.”

“வடிவாப் பாத்தனீரோ?”

“ரெண்டு தரம் பாத்தனான். நீங்கள் சாப்பிட்டியளோ?”

“ஓம்” என்றேன். சாப்பிடவில்லை. பசித்ததா என்றும் தெரியாது. அந்த மாதங்களில் எனக்குள் ஒன்றும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை, அது எனக்கே வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வருகைப் பதிவை மூடினார்கள். அதில் பெயர் உள்ள கழகங்களே நிறுவனர்கள், பிந்தி வருகிறவை வெறும் உறுப்பினர்கள் என்று தீர்மானம். இரண்டு மணிபோல வேல்ஸிலிருந்து மார்கரெட் என்ற பெண், முழங்கால்வரை சேற்றோடும் ஒரு ஸ்பானியலோடும் வந்து சேர்ந்தாள். வழியில் காரை நிறுத்தி இறக்கிவிட்ட நாய், முயலைக் கண்டு ஓடிவிட்டதாம். விசில் ஊத ஊத வரவில்லையாம். இரண்டு மணித்தியாலம் வீதியோரத்திலேயே நின்றாளாம். ரோட்டில் நெரிசல் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நம்மவர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விசிலுக்கு வராத நாய் என்றால் அந்தக் கூட்டத்தில் மானம் போகிற விஷயம். மண்டபமே சிரித்தது.

“பதிவு மூடியாகிவிட்டது, அம்மணி” என்றார் தலைவர். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி அவர்.

மார்கரெட் தேநீர் மேசைக்கு வந்தாள். “அவனை அங்கே விட்டுவிட்டு எப்படி வருவது?” என்று என்னிடம் கேட்டாள். நான் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் நிறுவனர் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது, இரண்டு பெயர்களுக்கு நடுவில் அவளுடைய கழகத்தையும் சேர்த்துவிட்டேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். தலைவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். வேல்ஸில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“பிழை ஒன்றும் இல்லை” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

அந்த ஹோட்டல் இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. சங்கமும் வேறொரு பெரிய சங்கத்தோடு சேர்ந்து, அவ்வளவு சண்டை பிடித்து வைத்த பெயரை இழந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு மார்கரெட் அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டைகள் நாலைந்து வருடம் வந்து நின்றுபோயின.

தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கும் தாளில், உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் சில வருடங்கள் மனைவி யோசிக்காமல் முதலாவதில் சரி போட்டாள். பிறகு ஒரு வருடம் பேனையை என்னிடம் நீட்டினாள்.

“எனக்கு ஏலாது. நீங்களே போடுங்கோ.”

தம்பியின் பெயரை மட்டும் எழுதி, கட்டங்களை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். அந்த முறை பாதர், எந்தக் கட்டம் என்று கேட்டார். இப்போது அவரும் கேட்பதில்லை.