அப்பா எரித்த கொப்பிகள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் துப்புரவு செய்யும் வீட்டின் எசமானி, சிஞ்ஞோரா, நேற்றுப் பழைய கடிதங்களை எரித்தார். காகிதம் கருகும் வாடை என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துப்போனது.

அங்கே அப்பா விடியற்காலையில் கொப்பியில் கதை எழுதிவிட்டுத்தான் படிப்பிக்கப் போவார். இராணுவம் வீடு வீடாகச் சோதித்து, எழுதுகிறவர்களைப் பிடித்துப்போகத் தொடங்கியதும் அம்மா அழுதார்.

"கொப்பியளை எரிச்சுப்போடுங்கோ. பிள்ளையள் இருக்கினம்."

கிணற்றடியில் அப்பா ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டே நெருப்பில் போட்டார். அதன்பிறகும் அதே நேரத்துக்கு எழும்பி வெறும் மேசைக்கு முன்னால் இருந்தார். சாகும்வரை எதுவும் எழுதவில்லை.

இங்கே வந்து ஐந்து வருடம். வேலைக்குப் போகுமுன் நானும் கதை எழுதக் கொப்பியைத் திறக்கிறேன். ஒரு வரியும் வருவதில்லை.

இன்று காலை கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறீர்?"

"சாமான் லிஸ்ட்."

அவர் போனதும், சொன்னது பொய்யாகக் கூடாதென்று, 'அரிசி' என்று எழுதினேன்.