குடிதண்ணீருக்கு இருபத்தைந்து டிகிரி

வாய் திறந்து பொய் சொல்கிறவன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மாட்டிக்கொண்டால் அடி விழும் என்று தெரிந்தே சொல்கிறான். வரைபடம் போட்டுப் பொய் சொல்கிறவனுக்கு அந்தப் பயமும் கிடையாது. அவன் படத்தில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். எந்த ஆபீசருக்கும் எந்த வக்கீலுக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாது. பல வருடங்களாக நான் பார்க்கும் வேலை அதுதான்.

புதுச்சேரியில் ஓர் ஆலோசனைக் கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு மாடி, மூன்று கம்ப்யூட்டர், சாருக்கு மட்டும் ஏசி. எந்த முதலாளிக்காவது ஓர் ஊரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தால் எங்களிடம் வருவார். சார் பேசுவார், நான் படம் போடுவேன். இந்த வேலைக்குப் பெரிய மூளை தேவையில்லை. வட்டப் படத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் முன்னால் இருக்கும் துண்டு பெருத்துத் தெரியும். பிடிக்காத துண்டைப் பின்னால் தள்ளிவிடலாம். கம்பப் படத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் அடியை வெட்டிவிட்டால் கிட்டத்தட்ட ஒரே உயரமான இரண்டு கம்பங்கள் யானையும் பூனையுமாக நிற்கும்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் பேனர் தொங்கியது. போன வருடத்துக் கம்பம் முழங்கால் உயரம், இந்த வருடத்துக் கம்பம் பனை உயரம். கீழே பொடி எழுத்தைப் படித்தால் கூடுதலாகப் பாஸானது ஒரே ஒரு பிள்ளை. அந்த பேனரின் கீழே நின்று அப்பன்மார்கள் பயபக்தியோடு போன் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? அவர்களைப் பார்த்து நான் சிரித்தேன். சிரிக்கிற யோக்கியதை எனக்கு இருந்ததாக அப்போது நினைத்தேன்.

பிறகு ஓர் இறால் பண்ணைக்காரர் எங்களிடம் வந்தார். அவருடைய குட்டைகள் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பக்கத்தில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருந்தன. குட்டை வெட்டிய நாளிலிருந்து ஊர் போர்வெல் தண்ணீர் கரிக்கிறது என்று பெண்கள் சண்டை பிடித்ததில், அவரே லாரியில் நல்ல தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தார். போர் தண்ணீர் கெடவில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டால் லாரியை நிறுத்தலாம், புதிதாக நாலு குட்டை வெட்டலாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

போர் தண்ணீரைப் பரிசோதித்த தாள்கள் என் மேசைக்கு வந்தன. உப்பு மாதத்துக்கு மாதம் ஏறியிருந்தது. படம் போட்டதும் கோடு மொட்டை மாடி ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றது. சார் பார்த்துவிட்டு, "பொய் எழுதிடாதப்பா. ஆனா கோடு ஏறக் கூடாது" என்றார். அவருக்குத் தெரிந்த தொழில் தர்மம் அது.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான். சார் மரக்காணம் உப்பளத்தைக் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தவர். அவருக்கு அது தோன்றியிருக்காது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரை டிகிரியில் அளப்பார்கள். ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்க விட்டால் போதும், எந்த அளவுக்கு மிதக்கிறதோ அதுதான் டிகிரி. கடல் தண்ணீரே அதில் மூன்றைத் தாண்டினால் பெரிது. வெயிலில் காய்ந்து இருபத்தைந்தைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். அந்த ஊர் ஆம்பிளைகளுக்கு உப்பு என்றால் இருபத்தைந்து. அதற்குக் கீழே எல்லாம் வெறும் தண்ணீர். குடிக்கிற தண்ணீரோ அந்தக் கணக்கில் அரை டிகிரி இருந்தாலே வாயில் வைக்க முடியாது.

நான் பரிசோதனை எண்களை டிகிரியாக மாற்றினேன். படத்தின் பக்கவாட்டு அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து இருபத்தைந்து வரை போட்டேன். ஏணி படுத்துவிட்டது. அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு, பாய் விரித்த மாதிரி ஒரு நீலக் கோடு. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. சார் என் தோளில் தட்டினார். வெட்கமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது.

ஊர்க் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்க். போர் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். அந்தத் திரிந்த டீயை சார் முகத்துக்கு நேரே ஊற்றிக் காட்டப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். படம் போட நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது.

திரையில் என் படம் விழுந்தது. சார் வாய் திறப்பதற்குள் அக்கா புருஷன் எழுந்தார். இருபது வருடமாக உப்பளத்தில் வெந்தவர்.

"ஏம்பா, ஒரு டிகிரிகூட வரல. இதுக்குப் போயா இவ்ளோ பஞ்சாயத்து? இது பச்சத் தண்ணிப்பா!"

பின்னாலிருந்து இன்னொருவர், "எங்க பாத்தில இந்த டிகிரி இருந்தா மேஸ்திரி எங்கள உதைப்பாரு" என்றார். கூடமே சிரித்தது. இறால் பண்ணைக்காரர் எல்லோருக்கும் கூல்டிரிங்ஸ் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தோம். சோற்றை அவர்களே அள்ளிப் போட்டு மூடினார்கள். லாரி வராத நாளெல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்து முகம் சுளிக்கிறவர்கள்தான் அத்தனை பேரும். மனசுக்குள் அவர்களை மடையர்கள் என்று திட்டினேன். திட்டுவது எனக்கு வசதியாக இருந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கெடவில்லை என்ற தாளில் ஊர்க்காரர்கள் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

"இந்தப் படம் நீதான் போட்டியாடா?"

"ஆமாங்க்கா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். என் நாக்குதான் கெட்டுப்போச்சு போல."

வெளியே போய் வேப்பமரத்தடியில் பிளாஸ்க்கைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அவளோடு வந்த பெண்களிடம், "என் தம்பி போட்டது" என்று என்னைக் காட்டினாள். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த வாரமே லாரி நின்றது. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். டீ வரவில்லை, கடையிலிருந்து சோடா வாங்கி வரச் சொன்னாள்.

"பால்காரர மாத்திட்டேன்டா. டீ தெனம் திரிஞ்சு போவுது. தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு நீயே காட்டிட்ட. அப்ப பால்லதானே ஏதோ கலக்கறான்? தெருவே பாக்க, திருட்டுப் பயலேன்னு கேட்டுட்டேன். தலையக் குனிஞ்சுக்கினு போயிட்டான். இப்ப வர்ற புதுப் பாலும் திரியுது."

அந்தப் பால்காரரை எனக்குத் தெரியும். அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது கேட்காமலே கூடுதலாக ஒரு டம்ளர் பால் ஊற்றிவிட்டுப் போனவர். சோடாவைக் கீழே வைத்தேன். சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் இரண்டு படம் வரைந்தேன். அதே எண்கள்தான். ஒன்றில் அளவுகோல் இருபத்தைந்து வரை, இன்னொன்றில் ஒன்று வரை. முதல் கோடு படுத்துக் கிடந்தது, இரண்டாவது எழுந்து நின்றது. குடிக்கிற தண்ணீருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அக்கா ஆறாவதோடு நின்றவள். படத்தைப் புரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாத்திக்கு வைக்கிற அளவை நான் குடத்துக்கு வைத்துவிட்டதாக அவளே சொன்னாள்.

"இது உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நான் இப்ப பால்காரர் வூட்டுக்குப் போறேன். அவர் சம்சாரம் இருக்கும்போதே மன்னிப்பு கேக்கணும். நீ எந்தெந்த வூட்டுக்குடா போவ?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. நான் யாரையும் பார்க்காமல் ஈ.சி.ஆர். வரை நடந்து புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். திங்கட்கிழமை இன்னோர் ஊருக்குப் படம் போட வேண்டியிருந்தது, போட்டேன்.