ரேகை சரி, உயிர் இல்லை

இலியாஸ் பாய் இதை இதுவரை நாலு பேரிடம்தான் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் மணி, நிமிஷம் மாறாமல் சொல்வார். மாறாததற்குக் காரணம், அந்த நேரமெல்லாம் கம்ப்யூட்டர் பதிவான லாக்கில் அப்படியே பதிந்திருக்கிறது. நம்புவது உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான்.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் சிப்காட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி. அன்றைக்குக் கரண்ட் ஷட்டவுன். உள்ளே ஆள் இல்லை, ஜெனரேட்டர் மட்டும் ஓடுகிறது. கெலமங்கலத்துக்காரரான இலியாஸுக்கு நெட்வொர்க் வேலை. அந்தக் கம்பெனியில் எந்தக் கதவானாலும் விரல் வைத்தால்தான் திறக்கும். உள்ளே போகவும் விரல், வெளியே வரவும் விரல். விரல் யாருடையது என்று சரிபார்க்கிற பெட்டி சர்வர் ரூமில் இருக்கிறது. யார் எந்தக் கதவில் எத்தனை மணிக்கு விரல் வைத்தார்கள் என்று அது எழுதுகிற லாக் எல்லாம் இனிமேல் கிளவுட் வழியாகப் பெங்களூரில் இருக்கிற கண்காணிப்பு டீமுக்கு உடனுக்குடன் போக வேண்டும். அதுதான் அன்றைய வேலை. துணைக்குக் கம்பெனி எலக்ட்ரீஷியன் தங்கதுரை. பாரூர்க்காரன். வாய் ஓயாதவன்.

10:35. "பாய், பின்னாடி பேட்டரி ரூம ஒரு பார்வ பாத்துட்டு ஓடியாந்துர்றேன். அதுக்குள்ள பொட்டிய வெடிக்க வெச்சுறாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

10:42. சர்வர் ரூமில் இருந்தபடி இலியாஸ் லாக்கைப் பெங்களூருக்குத் திறந்துவிட்டார். பெங்களூர் டீமில் இருக்கிற சத்யப்ரியா போனில் படித்தாள்.

"மொத லைன் வந்துருச்சுண்ணா. பேட்டரி ரூம், உள்பக்கம். தங்கதுரை. ரேகை சரி. உயிர் இல்லை. டைம் சாயங்காலம் நாலு பன்னெண்டு."

ரப்பர் விரல் வைத்து ஏமாற்றிவிடக் கூடாதே என்று, வைத்தது உயிருள்ள விரலா என்றும் அந்தப் பெட்டி பார்க்கும்.

"நாலு பன்னெண்டா? இப்ப பத்து நாப்பத்திரெண்டும்மா."

"கரெக்டா அஞ்சரை மணி நேரம் தள்ளிக் காட்டுது. கிரீன்விச் டைமுக்கும் நம்ம டைமுக்கும் உள்ள கொழப்பம்ணா. எல்லா கம்பெனிலயும் வர்றதுதான்."

இலியாஸ் திரும்பினார். பின்னால் தங்கதுரை நின்றிருந்தான். எந்தக் கதவில் ரேகை பொருந்தினாலும் சர்வர் ரூம் பெட்டியில் 'டீங்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை.

"டேய் துரை, உன் வெரலுக்கு உசுரே இல்லையாம்டா."

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து, ஒட்டி உட்கார்ந்தான்.

அதற்குள் திரை நிரம்பிவிட்டது. மூன்று மாதத்துப் பழைய லாக் மொத்தமாகக் கொட்டியது. எல்லாம் 'ரேகை பொருந்தவில்லை'. கிரீஸ் கை, ஈரக் கை. ஆயிரக்கணக்கில்.

"அண்ணா, ஒண்ணுமே படிக்க முடியல."

தங்கதுரை மெதுவாகச் சொன்னான். "தோத்தது எதுக்கு பாய்? ஆனத மட்டும் அனுப்புங்க."

நியாயமாகத்தான் பட்டது. 10:56. பொருந்தாத வரிகள் போக வேண்டாம் என்று இலியாஸ் டிக்கை எடுத்துவிட்டார். திரை அமைதியானது.

எங்கேயோ ஒரு சத்தம். தொம்... தொம்... தொம்...

"அது இன்னாடா சத்தம்?"

"ஜெனரேட்டர் பாய்."

11:30. பிளாஸ்கிலிருந்து இரண்டு டீ ஊற்றினார். தங்கதுரையின் டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. வாய் ஓயாதவன் வாயே திறக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

1:15. இலியாஸுக்குப் போன். தங்கதுரையின் மனைவி சுஜாதா.

"அண்ணா, அவரு போனே எடுக்க மாட்டேங்கறாருங்க. மனசு என்னமோ பண்ணுது."

இலியாஸ் போனை நீட்டினார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அட, என் கூடத்தாம்மா இருக்கான். நல்லாத்தான் இருக்கான். நீ போயி சாப்புடு."

அதன் பிறகு எப்போதோ அந்தத் தொம் தொம் நின்றுவிட்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

3:48. சத்யப்ரியா. குரல் மாறியிருந்தது.

"அண்ணா... டைம் ஸோன் சரியாத்தான் இருக்கு. காலைலேர்ந்து வந்த எல்லா லைனும் சரியான டைம். அந்த மொத லைன் மட்டுந்தான்..."

"மட்டுந்தான்?"

"அது இன்னும் நடக்கலண்ணா."

இலியாஸ் மணி பார்த்தார். 4:12-க்கு இன்னும் இருபத்துநாலு நிமிஷம். பேட்டரி ரூம். தங்கதுரை. உயிர் இல்லை.

இவனை அந்தப் பக்கம் விடக் கூடாது. அவ்வளவுதான்.

"துரை, நாலரை வரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது. ஏன்னு கேக்காத."

அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சில்லென்று இருந்தது. பிரிட்ஜில் வைத்த கறி மாதிரி.

4:05. அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

4:09. கண் இமைக்கவில்லை...

4:11. இலியாஸ் வாய்க்குள் ஓத ஆரம்பித்தார்.

4:12.

டீங்.

திரையில் ஒரு வரி.

பேட்டரி ரூம், உள்பக்கம். தங்கதுரை. ரேகை சரி. உயிர் இல்லை.

அவர் கைக்குள் ஒன்றும் இல்லை.

நாற்காலி காலி.

ஓடினார்...

விரல் வைத்து பேட்டரி ரூம் கதவை இழுத்தார். கதவோடு சாய்ந்திருந்த உடம்பு வெளியே சரிந்தது. வலது கை மட்டும் தலைக்கு மேலே, விறைத்துப்போய், விரல் வைக்கிற இடத்தை நோக்கி நீட்டியபடி.

பேட்டரியிலிருந்து கசிந்த வாயு என்றார்கள். மதியமே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். உள்ளிருந்து கதவைத் திறக்கிற அவசர பட்டன் கெட்டு ஒரு மாதம். போன் வெளியே நிறுத்தியிருந்த அவன் பைக்கிலேயே கிடந்தது. வேர்த்த விரலைப் பெட்டி ஏற்கவில்லை. செத்த பிறகு விரல் காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் பெங்களூருக்குப் போய்ச் சேராத வரிகளைப் பெட்டியிலேயே திறந்து பார்த்தார் இலியாஸ். பேட்டரி ரூம், உள்பக்கம். ரேகை பொருந்தவில்லை. உயிர் உண்டு. ரேகை பொருந்தவில்லை. உயிர் உண்டு. அறுபத்து மூன்று தடவை.

முதல் முயற்சி 10:44.

கடைசி 1:17. "என் கூடத்தாம்மா இருக்கான்" என்று சுஜாதாவிடம் சொல்லி அவர் போனை வைத்த நேரம்.