கீரனூர் பக்கம் ஒரு டயர் உலையும் என் வயிற்றெரிச்சலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோயிலும் இல்லை, குகை ஓவியமும் இல்லை. பொறாமைதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் பார்க்க எவ்வளவோ இருக்க, நான் ஒரு சனிக்கிழமை விடுப்புப் போட்டுப் பார்க்கப் போனது ஓர் உலையை.

நாமக்கல் பக்கம் ஒரு சின்ன பைரோலிசிஸ் ஆலையில் உற்பத்தியைக் கவனிக்கிறேன். பழைய லாரி டயர்களைக் காற்றுப் படாத இரும்பு உருளைக்குள் போட்டு, வெளியிலிருந்து நானூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ரப்பர் உடைந்து எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் கரியாகவும் பிரியும். சொல்வதற்கு எளிது. சூடேற்றும் விறகுச் செலவுதான் ஆளை விழுங்கும். எங்கள் உலை காலையில் சூடாகி, மாலையில் ஆறி, மறுநாள் மறுபடி முதலிலிருந்து சூடாக வேண்டும். விறகுச் செலவு குறையாவிட்டால் பங்குனியோடு உலையை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு அங்கேதான் வேலை.

அந்த வாரம்தான் ஒரு டயர் வியாபாரி, “கீரனூர்ல ஒரு மேடம் வாரத்துக்கு ஒருக்கா பத்த வைக்க மட்டும்தான் விறகு வாங்குறாங்களாம்” என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். ஜெயந்தி. கெமிக்கல் இன்ஜினியரிங்கில் என் பெஞ்சுக்காரி, விடுதியில் ஒரே அறை. கணவர் குவைத்தில் சம்பாதித்து வந்த பணத்தைப் போட்டு இருவருமாகச் சொந்த ஆலை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அது நன்றாக ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

காலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். திருச்சிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், எழுபது ரூபாய். அங்கே புதுக்கோட்டை பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கிறது. கீரனூருக்கு முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். ஒன்பதரைக்குள் இறங்கிவிட்டேன். ஆலை ஊருக்கு வெளியே, தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, “டயர் எரிக்கிற கம்பெனிக்கா? எரிக்கிறோம்னு சொல்லிப்புடாதீங்க, அந்த மேடத்துக்குக் கோவம் வரும். சுட வைக்கிறோம்னுதான் சொல்லணுமாம்” என்றார்.

“புகை நாத்தம் இருக்குமா?”

“மொதல்ல எங்களுக்கும் பயந்தான். அங்கிட்டு வயக்காரவுங்க சண்டைக்கே போனாங்க. இப்ப எங்கக்கா மகனே அங்கதான் வேலைக்குப் போறான். புகைபோக்கியப் பாருங்க, ஏதாச்சும் தெரியுதா?”

தெரியவில்லை. எங்கள் புகைபோக்கியை இரண்டு ஊருக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஆட்டோவிலேயே என் வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

ஜெயந்தி வாசலுக்கே ஓடி வந்தாள். “வாடி வாடி, எம்புட்டு நாளாச்சு! இளைச்சுப் போயிட்டியேடி. மொதல்ல சாப்புடுறியா, உலையப் பாக்குறியா?” உலை என்றேன். சாப்பிடுகிற நிலையில் இல்லை.

அவள் எதையும் மறைக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. எண்ணெயைக் குளிர வைத்துப் பிரித்த பிறகு மிஞ்சும் வாயுவை நாங்கள் வெளியே கொளுத்தி வீணடிக்கிறோம். அவள் அதை ஒரு தண்ணீர்த் தொட்டி வழியாக, நெருப்பு பின்னோக்கி ஓடிவிடாதபடி, உலை பர்னருக்கே திருப்பி விடுகிறாள். புகைபோக்கிக்குப் போகும் அனலைக் குழாய்க் கட்டு ஒன்றுக்குள் நுழைத்து, பர்னருக்குப் போகும் காற்றை அதில் சூடாக்குகிறாள். உலையைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்குச் செராமிக் கம்பளி. வெளித்தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டு அளவுக்குக்கூடச் சுடவில்லை. டயர்த் துண்டுகள் ஒரு பக்கம் திருகுக் கன்வேயர் வழியாகச் சுழலும் உருளைக்குள் நுழைந்துகொண்டே இருக்கின்றன, மறுபக்கம் கரி வந்துகொண்டே இருக்கிறது. வாரம் முழுக்க உலை ஆறுவதே இல்லை.

இந்த நான்கில் மூன்றை நானும் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அப்புறம் பார்க்கலாம் என்பார். இவளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று மனதுக்குள் ஒருத்தி முனகிக்கொண்டே வந்தாள். நான் வெளியே, “சூப்பர்டி” என்றேன்.

கரி விழும் இடத்தில் ஜெயந்தி நின்றாள். ஒரு பிடி எடுத்துக் காட்டினாள். பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியிருந்தது. “இதுதாண்டி தலவலி. கடைசிப் பக்கம் சூடு ஏறவே மாட்டேங்குது. மதியத்துக்கு மேல நாலு கட்டை விறகு போட்டுத்தான் சமாளிக்கிறோம். வாங்குறவன் கரி ஈரமா இருக்குன்னு திருப்பி அனுப்புறான். இன்னொருக்கா அனுப்புனா ஆர்டரே போயிரும். ஒனக்கு ஏதாச்சும் தோணுதா?”

தோன்றியது. அதற்கும் முன்னால் தோன்றியது ஒரு குளிர்ச்சி. அப்பாடா, இங்கேயும் ஓட்டை இருக்கிறது. சுழலும் உருளைக்கும் உலையின் செங்கல் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து. எங்கள் உலையில் அதே சந்தோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மதியப் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, இந்தக் கணக்கு புரியலடி என்று சொல்லும் அதே முகம்.

“ஊதுபத்தி இருக்கா?” என்றேன்.

ஆபீஸ் சாமி படத்திலிருந்து ஒன்று எடுத்து வந்தாள். கொளுத்திச் சந்துக்கு அருகே பிடித்தேன். புகை நேராக மேலே போகாமல் சரேலென்று உள்ளே ஓடியது.

“அடிப் பாவி! வெளிக்காத்தையா இழுக்குது?”

“புகைபோக்கித் தடுப்ப முழுசாத் தெறந்து வெச்சிருக்கீங்க. அது இழுக்குற இழுப்புல பச்சக் காத்து உள்ள போயி, கடைசிப் பக்கத்த ஆத்துது. நீ அந்தக் காத்தச் சூடு பண்ணிப் புகைபோக்கிக்கு அனுப்பிக்கிட்டிருக்க.”

ஃபிட்டர் முருகேசன் தகரப் பட்டைகளை மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் கம்பளி வைத்துச் சந்தை மறைத்தார். தடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொன்னேன். “போதும்ங்க. முழுசா மூடிட்டா புகை நம்ம மேல வந்துரும்” என்றேன் அவரிடம். ஊதுபத்திப் புகை லேசாக மட்டும் உள்ளே சாயும் இடத்தில் நிறுத்தினோம். பிறகு சாப்பிடப் போனோம். கெண்டை மீன் குழம்பு. திரும்பி வந்தபோது முந்நூற்றுத் தொண்ணூறில் படுத்திருந்த கடைசிப் பக்கத்து வெப்ப மீட்டர் நானூற்று முப்பதைத் தாண்டியிருந்தது.

ஜெயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ இங்கிட்டே வந்துரேண்டி. அங்க வாங்குறதவிடக் கூடவே தாரேன்.”

நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது போலிருந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளை மேடம் என்று கூப்பிடும் நாளை நினைத்துப் பார்த்தேன். “வேலை வேணாம்டி. அந்தக் காத்து சூடாக்குற குழாயோட டிராயிங் குடு” என்றேன். கேட்ட உடனே கொடுத்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆலைகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பருத்தி உடுப்பும் மூடிய ஷூவும் கட்டாயம். எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போனை அணைத்து வையுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். திரும்பும்போது ஆலை வேனே கீரனூரில் விட்டுவிடும். சித்திரை, வைகாசியில் உலைக் கொட்டகைக்குள் நிற்க முடியாது. உங்களைவிட நன்றாகச் செய்கிறவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தனியாகப் போங்கள். முகம் போகிற போக்கைக் கூட வருகிறவர் பார்க்க வேண்டாம்.

டிராயிங்கைப் பார்த்து முதலாளி ஒருவழியாகச் சம்மதித்தார். மிச்ச வாயுவையும் பர்னருக்குத் திருப்பினோம். எங்கள் விறகு பாதியாகக் குறைந்துவிட்டது, உலை நிற்கவில்லை, பதினோரு பேரும் வேலையில் இருக்கிறோம். ஜெயந்தியின் கரி இப்போது உலர்ந்து வருகிறதாம். மதிய விறகும் நின்றுவிட்டதாம். வருகிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொல்கிறாளாம்.

ஆக, நான் பாதி தூரம் ஓடி அவளை நெருங்கும்போது, அவளை இன்னும் முன்னால் தள்ளிவிட்டவளும் நானே. தினமும் காலையில் விறகு எடை போடும்போது இது நினைவுக்கு வரும். வயிறு எரியும். ஆனால் நாளைக்கே அவள் கூப்பிட்டு இன்னொரு மீட்டர் ஏறவில்லை என்று சொன்னால், ஆறு மணி பஸ்ஸில் இருப்பேன்.