துளசிராம் கொண்டுவந்த சாம்பல்

சென்ற வியாழக்கிழமை காலை கப்பலூர் ஆலை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடிவந்தார். "துளசிராம் அண்ணே போயிட்டாருங்க. நெஞ்சுவலியாம்." திருநகரில் அவர் வீட்டை அடையும்வரை எனக்கு ஒரே யோசனைதான்: செக்கானூரணியில் இருக்கும் செல்விக்கு யார் சொல்வது?

செல்வி யாரென்று ஆலை நண்பர்களான உங்களுக்குத் தெரியாது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனை நாம் பாய்லர் மெக்கானிக்காக அறிவோம். அதற்கு முன் கப்பலில் இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழுதுபார்க்க நின்ற கப்பலை அதன் முதலாளி கைகழுவிவிட, கிரேக்க நாட்டின் சிரோஸ் தீவில் எட்டு மாதம் சிக்கிக்கொண்டார். கூட இருந்த ஒரே தமிழர் செல்வியின் கணவர் பாண்டி. கத்தரினா என்ற விதவை அம்மாள் தான் சுடும் ரொட்டியைத் தினமும் இருவருக்கும் கொடுத்திருக்கிறார்.

பாண்டி காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப யாருமில்லை. அந்த நாட்டில் அப்போது பிணத்தை எரிக்கும் இடமே கிடையாது, தீவிலேயே புதைத்தார்கள். அண்ணன் ஊருக்குப் போன் போட, பக்கத்துக் கடைக்கு வந்து பேசிய செல்வி, "எரிச்சுட்டீகளாண்ணே? சாம்பலாச்சும் கொண்டாங்க" என்று அழுதார். அண்ணன் "சரிம்மா" என்றுவிட்டார். ஊர் திரும்பும்போது கத்தரினாவின் அடுப்புச் சாம்பலைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார். வைகையில் கணுக்கால் நனையத்தான் தண்ணீர். செல்வி அதைக் கரைப்பதை அண்ணன் கரையில் நின்று பார்த்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே பாறை அதிகம், மண் குறைவு. புதைத்தவரின் எலும்புகளைச் சில ஆண்டுகளில் எடுத்து, ஒயினில் கழுவி, பெயர் எழுதிய பெட்டியில் வைப்பார்கள். கழுவ உறவுக்காரர் வருவார்களா என்று, பள்ளி ஆசிரியர் ஒருவரை ஆங்கிலத்தில் எழுதச்சொல்லிக் கேட்டிருந்தார் கத்தரினா. அண்ணன் பதில் போடவில்லை. தானே கழுவிவைத்துவிட்டதாக அடுத்த கடிதம் வந்தது.

அதன்பின் பாய்லர் சாம்பலை அள்ளும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடினால் யாரோ எதையோ கழுவும் சத்தம் கேட்கிறது என்பார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். "பொய்யப் பெத்தா அதுக்குச் சோறு போட்டு வளக்கணும் தம்பி. என்னோடது என்னைய விட வளந்து நிக்குது."

"சொல்லிருங்கண்ணே. நானும் கூட வாரேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணி போனோம். அவர் சொல்லி முடித்தபோது செல்வி அழவில்லை.

"அன்னைக்கே தெரியும்ண்ணே. சாம்பல்ல ஒரு துண்டு எலும்பு இல்ல. மாவு மாதிரி இருந்துச்சு. நீங்க அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீகளேன்னு கேக்கல." பிறகு, "அது எப்படிப்பட்ட ஊரு? தண்ணி இருக்கா?" என்றார்.

அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்ல தண்ணீர் இல்லை. மழைநீரை வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேர்ப்பார்கள். இரண்டு குன்றுகள், இரண்டிலும் கோயில் மணி. தெருவெல்லாம் படிக்கட்டு. மதியம் கடையடைத்து ஊரே உறங்கும். சாயங்காலம் கிழவர்கள் பளிங்குக்கல் பாவிய சதுக்கத்துக்கு வந்து நடப்பார்கள். கோடையில் வடக்கிலிருந்து ஓயாமல் காற்று.

"அங்கயும் ஆடிக்காத்தா?" என்றார் செல்வி. அப்போதுதான் அழுதார்.

அன்று முதல் ஆண்டுதோறும் பாண்டி இறந்த நாளில் அண்ணன் போய் அந்தத் தீவைப் பற்றிச் சொல்லிவருவார். பெரும்பாலும் நானும் உடனிருந்தேன். "செத்தவன் இருக்க எடத்தச் சொல்லாம விட்டா, அவன் நம்ம வீட்டு வாசல்லயே நிப்பான்" என்பார்.

அண்ணன் போன செய்தியைச் செல்விக்குக் கடைசியில் நானே போய்ச் சொன்னேன். திருநகருக்கு வந்து அண்ணனின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது, "அந்த ரொட்டிக்கார அம்மா உசுரோட இருக்காகளா? இவுக போனத அவுகளுக்கும் சொல்லணுமில்ல?" என்றார்.

ராமேஸ்வரத்தைத் தாண்டிக் கடல் பார்க்காதவன் நான். ஆனால் அந்தத் தீவின் படிக்கட்டுகளில் எங்கே திரும்பினால் கல்லறைத் தோட்டம் வரும் என்று எனக்குத் தெரியும். துளசிராம் அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்த ஊர்தான். நேற்று கத்தரினாவின் முகவரிக்குக் கடிதம் போட்டேன். அடியில் செல்வியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.