செவெல்மா காட்டிய மேடு

உலான்பாதருக்கு வடக்கே, மூடிப்போன கல்குவாரியின் பக்கத்தில் கூடாரம் போட்டு ஆடு மேய்க்கும் செவெல்மா, இத்தனை வயதில் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. ஆடு விற்கும்போது சொல்வதை அங்கே யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. போன கோடையில் சொன்ன ஒன்றுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

ஜப்பானிலிருந்து இவாசே என்றொரு பெரியவர் வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் கைதியாகி, இந்தக் குவாரியில் கல் உடைத்துச் செத்த அண்ணனை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில், கைதிகளின் பிணவண்டி போகும்போது அந்தத் திசையையே பார்க்கக் கூடாதென்று அம்மா அவளைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொள்வாள். ஆனால் தேநீர் குடித்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று சொல்லித்தந்தவளும் அதே அம்மாதான். செவெல்மா உள்ளங்கையை விரித்து ஏதோ ஒரு மேட்டைக் காட்டினாள். பெரியவர் மண்டியிட்டு அழுதார். மரியாதைக்கு அவளும் கொஞ்சம் அழுதாள்.

இந்தக் கோடையில் அவர் மண்வெட்டிக்காரர்களோடும் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியோடும் வந்து இறங்கினார். எலும்பை எடுத்துப்போய்த் தன் அம்மாவின் சாம்பலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறாராம்.

ஒரு காலத்தில் மங்கோலியர் கப்பலேறி ஜப்பானைப் பிடிக்கப் போய்ப் புயலில் சிக்கினார்கள். பிறகு ஜப்பானியர் எல்லைக்கு வந்து அடிவாங்கினார்கள். இப்போது ஜப்பான் ஓட்டிக் கழித்த காரை மங்கோலியா ஓட்டுகிறது. மங்கோலியா பெற்ற சுமோ மல்லனை ஜப்பான் கொண்டாடுகிறது. இத்தனை பெரிய உறவு கடைசியில் செவெல்மாவின் தலையில் வந்து உட்கார்ந்திருந்தது.

பழைய கார் வியாபாரத்தில் ஜப்பானிய மொழி கற்ற மருமகன் கொம்போதான் மொழிபெயர்ப்பாளர்.

"மாப்பிள்ளை, அந்த இடம் எனக்குத் தெரியாது, சும்மா கை காட்டினேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

கொம்போ என்னவோ சொன்னான். இவாசே எழுந்து, குனிந்து வணங்கினார்.

"நான் சொன்னதையா சொன்னீங்க?"

"தேநீர் ஆறுதுன்னு சொன்னேன். விடுங்க அத்தை, கடல் தாண்டி வந்திருக்காரு. ஏதோ ஒரு எலும்பு கிடைச்சாப் போதும், நிம்மதியாப் போவாரு."

"ஓநாய் தின்னு போட்ட ஆட்டெலும்பு கிடைக்கும். அதையா அவங்க அம்மா பக்கத்துல வைக்கறது? உங்க வண்டி யாவாரம்னு நினைச்சீங்களா, உள்ள என்ன இருந்தா என்னன்னு?"

நேரே போய், ஓங்கிய மண்வெட்டிக்கு முன்னால் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் கொம்போ உள்ளதைச் சொன்னான்.

இவாசே பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ போன வருஷம் நான் யார்கிட்ட அழுதேன்னு கேக்குறாரு, அத்தை."

செவெல்மா மேட்டிலிருந்த புல்லைப் பிடுங்கினாள்.

"சரி, நிஜமா உங்களுக்கு என்னதான் தெரியும்னு கேக்குறாரு."

தெரிந்தது ஒன்று இருந்தது. பெற்ற மகளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

"குவாரிப் பாதையில அவங்க வரிசையாப் போவாங்க. பிள்ளைங்க நாங்க மாட்டுச் சாணியை எடுத்து எறிவோம். ஒருநாள் ஒருத்தர் நின்னாரு. அடிக்க வர்றாருன்னு நினைச்சோம். கீழ விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தொப்பியில போட்டுக்கிட்டு, எங்களைப் பார்த்துக் குனிஞ்சு கும்பிட்டாரு. குளிர் காய எரிக்கறதுக்குத்தான் குடுத்தோம்னு நினைச்சுட்டாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

கொம்போ இதை ஒரு சொல் விடாமல் சொன்னான். பெரியவரின் முகம் லேசாக மலர்ந்தது. அண்ணனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். பிறகு ஏதோ கேட்டார்.

"அது நல்லா எரிஞ்சிருக்குமான்னு கேக்குறாரு." கொம்போ குரலைத் தாழ்த்தினான். "ஆமான்னு சொல்லிடுங்க அத்தை. ஒரே ஒரு வார்த்தை."

அந்த வார்த்தை அவள் வாய்வரை வந்தது. பெரியவர் காத்திருந்தார்.

"காஞ்ச சாணியை வீணாக்கினா வீட்டுல தோலை உரிச்சிடுவாங்க" என்றாள் செவெல்மா. "ஈரமாப் பார்த்துத்தான் பொறுக்கி எறிஞ்சோம்."