ஆடும் நாற்காலி

மில்லுக்காரர் மகன் என் கடையில் இறக்கிய தேக்கு நாற்காலியை லேசாகச் சுரண்டினேன். அரக்கு வாடை எழுந்தது. அப்பாவின் பாலிஷ்.

எந்த நாற்காலியானாலும் அப்பா உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். இதை வாங்க வந்த அன்று, அப்பா உட்கார்ந்ததுமே மில்லுக்காரர் தடுத்தார். "ஏலே ஆசாரி, நான் உக்காரப்போற சேருல நீ உக்காருவியா?"

"தப்புத்தாங்கய்யா" என்று எழுந்தவர், மில்லுக்காரர் திரும்பிய நேரம் பார்த்து ஒரு காலின் அடியில் வெங்காயச் சருகு கனத்துக்குச் சீவினார். வண்டி போனதும் என்னிடம் சொன்னார்: "சாகுற வரைக்கும் ஆடட்டும் தாயி."

ஆடியிருக்கிறது.

"எந்தக் கால் கட்டைனே தெரியலம்மா. சரிபண்ணிருவீங்களா?" என்றார் மகன்.

"உக்காந்து பாத்தாத்தான் தெரியும். செத்த நேரம் நில்லுங்க."

டீ வரவழைத்து, அவர் நிற்க நிற்க, ஆடிக்கொண்டே குடித்து முடித்தேன்.